அந்தச் சட்டைப்பின்னை நான் கழற்றவில்லை

கிண்ணியாவிலிருந்து வந்த பள்ளிக்கூட ரீச்சர் என் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு கைமணிக்கூட்டை வைத்தார். பக்கத்தில் நாலாக மடித்த ஒரு கடதாசித் துண்டையும் வைத்தார். மணிக்கூடு அவருடைய வாப்பாவினுடையது. வாப்பா துறைமுகத்தில் இழுவைப்படகொன்றின் இயந்திர அறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது முழங்கால் நோவு. வீட்டுப் படலையைத் தாண்டுவதே பெரிய காரியம். சாவி கொடுத்து ஓட்டும் அந்த மணிக்கூடு நின்று ஒரு வருடமாகிவிட்டதாம். மகள் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பெரிய கடையொன்றில் காட்டியிருக்கிறார். அங்கே எழுதிக் கொடுத்ததுதான் அந்தத் துண்டு.

ஆங்கிலத்தில் இருந்ததை ரீச்சர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். பயிற்சி இல்லாத ஒருவர் உள்ளே கை வைத்திருக்கிறார். ஒட்டுவேலைகள் பல. திருத்துவதில் பயனில்லை. விரும்பினால் உள்ளே இருப்பதை முழுக்க எடுத்துவிட்டுப் பற்றரியில் ஓடும் மெஷின் ஒன்றைப் பொருத்தித் தரலாம்.

அவர் திருத்தச் சொல்லி வரவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கியது. பற்றரி போடுவதற்கு வாப்பா சம்மதிக்கவில்லை. திருகோணமலையில் பழக்கமான இடத்திலும் ஒருக்கால் கேட்டுப் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நானும் சரிவராது என்று சொல்லிவிட்டால் கிழவரின் மனம் ஆறும், மகளுக்கும் அலைச்சல் மிச்சம்.

"நீங்களும் ஏலாது எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க அன்ரி," என்றார். "அப்பதான் வாப்பா கேப்பார்."

திறந்து பார்க்காமல் ஏலாது என்று சொல்லிப் பழக்கமில்லை. துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒரு புடவைக்கடை வாசலின் ஓரத்தில், கண்ணாடிப் பெட்டியும் மேசையும் ஒரு கதிரையும் மட்டும் கொள்ளும் இடம் என்னுடையது. வெளியே, கடைக்காரர் எறிந்த மட்டைப்பெட்டியை, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று நின்று மென்றுகொண்டிருந்தது. ரீச்சரைக் கதிரையில் இருத்திவிட்டு, நான் நின்றபடியே பின்மூடியைக் கழற்றினேன். கண்ணில் பூதக்கண்ணாடி வில்லையைப் பொருத்திக் குனிந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கம்பித் துண்டு. சாவி கொடுக்கும்போது பெரிய பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாகத் திரும்பும். அது பின்னுக்குச் சுழன்று விடாமல் ஒரு கொளுவி பிடித்துக்கொள்ளும். அந்தக் கொளுவியை அமத்தி வைத்திருக்க மயிர் அளவில் ஒரு வில் உண்டு. கடையில் வரும் வில் தட்டையாக, நீலம் பாய்ந்த கறுப்பாக இருக்கும். இதில் இருந்தது உருண்டைக் கம்பி. ஒரு முனை கொக்கியாக வளைந்திருந்தது. வளைவுக்கு அருகே, பிடித்த சாவணம் வழுக்கிய இடத்தில் ஒரு கீறல்.

அந்தக் கீறல் விழுந்த பின்னேரத்தை நான் மறக்கவில்லை. அது சட்டைப்பின். என்னுடைய சட்டைப்பின்.

ரீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவ்வளவு மோசமா என்று கேட்டார்.

"அந்தப் பயிற்சி இல்லாத ஆள் நான்தான்," என்றேன்.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அது உங்களைச் சொன்னதில்லை அன்ரி என்றார். பிறகு யோசித்து, அது பாஸ் செய்த வேலையல்லவா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரரைப் பாஸ் என்றுதான் சொல்வார்கள். அவர் சொன்ன பாஸ் என் புருஷன். ஒரு சட்டைப்பின்னை வைத்துப் பாஸ் தன்னுடைய மணிக்கூட்டை ஓடவைத்த கதையை வாப்பா வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுவாராம்.

அந்தக் கதை எனக்கும் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தவள் நான். அன்றைக்கு மூடவில்லை. பாஸ் இல்லை, நான் செய்தது என்று சொன்னேன். மணிக்கூட்டை விட்டுவிட்டுப் போங்கள், மூன்று கிழமையில் வாருங்கள், ஏலாது என்ற சொல்லை நான் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். அந்தத் துண்டையும் தரச்சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். சண்டை நடந்த பிரச்சினைக் காலம். பாதை திறந்தால் கொழும்பிலிருந்து சாமான் வரும், பூட்டினால் வராது. அந்த நேரம் பார்த்து என் புருஷனுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். பெட்டி நிறைய ஆட்களின் மணிக்கூடுகள். பூட்டிவிட்டால் களவு போகலாம், வாடிக்கையும் போகலாம். நீ சும்மா போய் இரு, வாறவைக்குப் பொறுக்கச் சொல்லு, ஒன்றிலும் கை வையாதே என்று படுக்கையில் இருந்தபடி சொன்னார்.

நாலு நாள் சும்மா இருந்தேன். ஐந்தாம் நாள் அந்த இழுவைப்படகுக்காரர் வந்தார். சாவி கொடுத்தால் நிற்கவில்லை, கிர்ரென்று பின்னுக்குச் சுழல்கிறது என்றார். இரவும் பகலும் மாறி மாறி வேலை, மணிக்கூடு இல்லாமல் ஏலாது என்றார். பாஸ் வரட்டும் என்றேன். சரி, இதிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தவள் நான். மேசையில் கழற்றிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடும். ஒருநாளும் கேட்டதில்லை, ஒருவரும் சொல்லித் தந்ததுமில்லை. அன்றைக்கு மூடியைத் திறந்தேன். வில் இரண்டாக உடைந்து கிடந்தது. பெட்டியில் அந்த அளவுக்கு வேறு வில் இல்லை.

என் சட்டையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, குறட்டால் வெட்டி, எண்ணெய்க்கல்லில் தேய்த்தேன். முதல் பின் வளைக்கும்போதே முறிந்தது. இரண்டாவதைத் தேய்க்கத் தேய்க்கக் கொளுவியின் மேல் ஒன்றில் அளவுக்கு மிஞ்சி அமத்தியது, இல்லாவிட்டால் தொடவே இல்லை. மூன்று நாள் எடுத்தது. மூன்றாம் நாள் பின்னேரம் சாவி கொடுத்தேன். டிக் டிக் என்று ஒவ்வொரு பல்லாகப் பிடித்தது. கையை எடுத்தேன். பின்னுக்குச் சுழலவில்லை. நான் எழும்பிப் போய்ப் புடவைக்கடைக்காரரிடம் நேரம் கேட்டேன். சும்மாதான். யாரோடாவது ஒரு வார்த்தை கதைக்கவேண்டும் போல இருந்தது.

சக்கரங்கள் காய்ந்துபோய்த் தெரிந்தன என்று அங்கங்கே எண்ணெயும் விட்டேன். மணிக்கூட்டு எண்ணெய்ச் சிமிழ் வெறுமையாக இருந்தபடியால் புடவைக்கடைத் தையல் மெஷின் எண்ணெயை வாங்கி விட்டேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு கிழமையில் புருஷன் வீட்டுக்கு வந்தார். கடைக்கு வந்த முதல் நாளே அந்த மணிக்கூட்டைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கதைக்கவில்லை. பின்னேரம் படகுக்காரர் வந்து வாங்கிச் சாவி கொடுத்துப் பார்த்துவிட்டு, சாமான் எங்கே கிடைத்தது என்று கேட்டார். சட்டைப்பின்னில் செய்தது என்றார் என் புருஷன். யார் செய்தது என்று சொல்லவில்லை. படகுக்காரர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சாப்பாட்டுக் கரியரை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகு வேலையில் பாதியை நான் செய்தேன். பெயர் அவருக்குத்தான். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றபோது முக்கால்வாசி செய்தேன். இப்போது பத்து வருடமாக முழுதும் நான். இன்றைக்கும் சிலர் வந்து பாஸ் இல்லையோ என்று கேட்டு, இல்லையென்றால் திரும்பிப் போகிறார்கள். போகட்டும்.

அடுத்த நாள் மணிக்கூட்டை முழுதாகக் கழற்றினேன். அந்தத் துண்டில் எழுதியிருந்த பல ஒட்டுவேலைகளும் எவை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முன்கண்ணாடியைச் சுற்றி யாரோ சூப்பர் குளூ விட்டு ஒட்டியிருந்தார்கள். அதன் புகை முகப்பில் பன்னிரண்டு மணிக்குக் கீழே வெள்ளையாகப் படிந்திருந்தது. ரீச்சருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அது வாப்பாவின் வேலை என்று சிரித்தார். கண்ணாடி கழன்றுவிட்டதென்று படகிலேயே வைத்து ஒட்டினாராம்.

சக்கரங்களின் அடியில் எண்ணெய் இறுகிக் கறுத்த பசையாக இருந்தது. அது என்னுடையது. தையல் மெஷின் எண்ணெய் ஒரே இடத்தில் நிற்காது. பரவும், தூசியைப் பிடிக்கும், பிறகு அரத்தூள் மாதிரி உலோகத்தைத் தேய்க்கும். கழுவக் கழுவப் பெற்றோல் கறுத்துக்கொண்டே வந்தது. அந்த நாளில் எனக்கு அது தெரியாது. தெரியாமல் செய்தது பிழைதான், கெடுதலும் செய்திருக்கிறது.

கழுவிய தகட்டை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பெரிய காயம் தெரிந்தது. நடுச் சக்கரத்தின் அச்சு நிற்கும் துளை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தது. சக்கரம் சாய்ந்து ஓடியிருக்கிறது, மணிக்கூடு நின்றதற்குக் காரணமும் அதுதான். ஆனால் துளையைச் சுற்றி ஏழெட்டுக் குழிகள். துளை தேய்ந்து பெருத்தால், அதைச் சுற்றிப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பித்தளையை உள்ளே நெருக்குவது ஒரு குறுக்குவழி. கொஞ்சக் காலம் அச்சு இறுக்கமாக நிற்கும். பிறகு முந்தியதைவிட மோசமாகும். கொழும்புக் கடைக்காரருக்குக் கோபம் வந்திருந்தால் இதைப் பார்த்துத்தான் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

குழிகள் வட்டமாக இல்லை, முக்கோணமாக இருந்தன. மூன்று பக்கம் தீட்டிய ஒரு பஞ்ச் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. என் புருஷன் தன் கையால் தீட்டியது. அதை எடுத்து ஒரு குழியில் வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது.

கொழும்புத் துண்டை எடுத்து மறுபடி விரித்துப் பார்த்தேன். பயிற்சி இல்லாத ஆளின் வேலை என்று எழுதியவர் பார்த்த மிக மோசமான வேலை, யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் இருந்து தொழில் பழகி வந்தவருடையது. சட்டைப்பின்னோ துருவில்லாமல், தளராமல், இத்தனை வருடமும் கடல் உப்புக்கு ஈடு கொடுத்து நின்றிருக்கிறது.

தகட்டைப் பஞ்சில் பொதிந்து லிங்கநகரில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை, கடை இல்லை. காலைச் சாப்பாடு முடிந்து என் புருஷன் முன்விறாந்தைக் கதிரையில் இருந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. வானொலியை நிற்பாட்டிவிட்டு, தகட்டை அவருடைய உள்ளங்கையில் வைத்து, துளையைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

பெருவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். ஒருமுறை சுற்றி வந்ததும் விரல் நின்றது.

"இது நான் தட்டினது," என்றார்.

எப்போது என்று கேட்டேன். காய்ச்சலுக்கு ஏழெட்டு வருடம் முந்தி என்றார். அதே படகுக்காரர் காலையில் கொண்டுவந்து மத்தியானம் கப்பல் இழுக்கப் போகவேண்டும் என்று நின்றாராம். துளைக்குள் பொருத்துவதற்குப் புஷ் என்ற பித்தளை வளையம் கையில் இல்லை. அவசரத்துக்குத் தட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு கொண்டுவந்தால் ஒழுங்காகச் செய்து தருகிறேன் என்று சொன்னாராம். ஓடுகிற மணிக்கூட்டை ஆர் கொண்டுவருவினம் என்று கேட்டார்.

அதை நான் பிழை சொல்லவில்லை. அந்த நேரத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். என் எண்ணெயும் சேர்ந்துதான் அந்தத் துளையைத் தின்றது என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஆனால் நான் கேட்க வந்தது வேறு.

"சட்டைப்பின் வேலையை நான் செய்தது எண்டு ஏன் ஒருநாளும் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

பொம்பிளை செய்தது என்றால் ஒருவரும் மணிக்கூடு கொண்டுவரமாட்டினம் என்று பயந்ததாகச் சொன்னார். அந்த நாளில் அப்படித்தான் என்றார். கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையில்லை என்று அவர் குரலிலேயே தெரிந்தது. நான் எழும்பிப் போகவில்லை. குசினியில் உலை கொதித்து மூடி ஆடுகிற சத்தம் கேட்டது. அப்போதும் போகவில்லை.

"அதைத் திறந்து பாத்த உடன எனக்கு விளங்கினது," என்றார் கடைசியில். "நானாயிருந்தா அதை அப்பிடிச் செய்திருக்கமாட்டன். எனக்கு வந்திராது. அதுதான் வாய் வரேல்ல."

"அதை நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்கலாம்."

அவர் தகட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டு போய் உலையை இறக்கினேன். மன்னித்துவிட்டேன் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். இருபது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு காரியத்துக்கு ஒரு காலைப்பொழுது காணாது. ஆனால் அன்று சோறு வடிக்கும்போது என் தோள் இரண்டும் கீழே இறங்கியிருந்தன. அவ்வளவு காலமும் அவற்றை உயர்த்திப் பிடித்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பித்தளைப் புஷ் தபாலில் வந்தது. முக்கோணக் குழிகள் இருந்த இடம் முழுவதையும் கையால் திருகித் திருகிப் பெரிதாக்கி, புஷ்ஷை அமத்தி, அச்சுக்கு அளவாகத் துளை எடுத்தேன். கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்த நாட்கள். பெட்டியின் மூன்று பக்கமும் பொலித்தீன் கட்டிக்கொண்டு, வேர்வை கண்ணில் ஒழுக ஒழுக இருந்து செய்தேன். சக்கரம் நிமிர்ந்து நின்றது. கண்ணாடியில் இருந்த குளூவை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தேன். புதுக் கண்ணாடி போட்டேன். முகப்பில் படிந்த வெள்ளையை விட்டுவிட்டேன். அதைத் துடைக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து வரும்.

கழிவு மெஷின்கள் போட்டு வைக்கும் தகரப் பெட்டியைக் கிளறியபோது, அதே வகை மெஷின் ஒன்று அகப்பட்டது. அதில் கடையில் வரும் தட்டை வில் உடையாமல் நல்லதாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எடுத்துப் போட ஐந்து நிமிட வேலை. போட்டால் கொழும்புக்காரரும் குறை சொல்ல ஏலாது.

என் பின்னைக் கழற்றி வில்லையின் கீழ் நன்றாகப் பார்த்தேன். கொளுவி தொட்ட இடத்தில் தேய்வு இருக்கிறதா, தகட்டை எங்காவது உரசியிருக்கிறதா என்று தேடினேன். இல்லை. திருப்பிப் போட்டுச் சாவியை முழுதாகக் கொடுத்து, இறக்கி, மறுபடி கொடுத்தேன். ஒரு பின்னேரம் முழுக்க அதையே செய்தேன். ஒரு பல் தவறவில்லை. அந்தத் தட்டை வில்லைக் கடதாசியில் மடித்துத் தகரப் பெட்டிக்குள் போட்டேன்.

மூன்றாம் கிழமை வந்த ரீச்சரிடம் இதை மறைக்கவில்லை. சரியான சாமான் கையில் இருந்தும் ஏன் பின்னை விட்டீர்கள் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. வாத்தியார்மார் அப்படித்தான் கேட்பார்கள்.

"அது பிழை எண்டதுக்கு ஒரு காரணம் சொல்லுங்கோ ரீச்சர், இப்பவே கழட்டுறன்," என்றேன். "பாஸ் தட்டினது பிழை, எடுத்துப்போட்டன். நான் விட்ட எண்ணெய் பிழை, கழுவிப்போட்டன். உங்கட வாப்பா ஒட்டினது பிழை, சுரண்டிப்போட்டன். இதில என்ன பிழை?"

அவர் யோசித்தார். சட்டைப்பின் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை என்றார். அப்படியென்றால் இருக்கட்டும் என்றேன்.

மணிக்கூட்டை நானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். கிழவர் வாசலில் கதிரை போட்டு, ஒரு காலை மரவாங்கில் நீட்டி வைத்து எனக்காகக் காத்திருந்தார். மணிக்கூட்டை வாங்கிக் காதில் வைத்தார். சாவி கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பல்லாகக் கேட்டார். பிறகு மகளிடம், பாஸுடைய பின் இன்னும் நிற்குது, பார்த்தியா என்றார்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் கதிரையைக் கிழவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அது பாஸ் செய்ததில்லை, பாஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் நான் செய்தது என்றேன்.

அவர் நம்பவில்லை. இல்லை தங்கச்சி, பாஸ் என் கையில் தந்தது எனக்கு நினைவிருக்குது என்றார். தந்தது அவர், செய்தது நான் என்றேன். உங்களுக்குத் தொழில் தெரியாதே அந்த நேரம் என்றார். தெரியாமல்தான் செய்தேன் என்றேன். ஒரு பின் தரட்டுமா, செய்து காட்டுங்கள் பார்ப்போம் என்று விளையாட்டாகக் கேட்டார். காட்டமாட்டேன் நானா என்றேன், அவர்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில். என் பரீட்சை உங்கள் கையில் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது நானா, இன்னொரு பரீட்சைக்கு இருக்க எனக்கு ஏலாது என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கவேண்டும். உள்ளே தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

கிழவர் மணிக்கூட்டை மறுபடி காதில் வைத்து எடுத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் தொழுகை முடிய நான் பிழையான ஆளுக்குத் துஆ கேட்டிருக்கன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை நிற்பாட்டவேண்டாம், அவருடைய கண்ணுக்கும் துஆ தேவை, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சேர்க்கிறேன், முதலில் உங்களைச் சொல்லிப்போட்டு அவரைச் சொல்கிறேன் என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று மரியாதைக்குக்கூட நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னேன். துஆக் கதைக்கு அவரும் சிரித்தார். பிறகு, மணிக்கூடு ஒரு நாளைக்கு எவ்வளவு முந்துது என்று கேட்டார். அரை நிமிடம் என்றேன். பழசுக்கு அது நல்லது என்றார். அடுத்த கிழமை என் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவர் சுவர் மணிக்கூடொன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். பாஸ் இருக்கிறாரா என்றல்ல, இருக்கிறாவா என்று கேட்டார்.

"இருக்கிறன்," என்றேன். "வையுங்கோ."